ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கும் பரீட்சை உண்டு!

போன வருஷம் ஐப்பசி அடைமழை நேரம். எங்கள் அம்மாவுக்கு 74 வயசு. திடீரென்று குளிர் ஜுரம். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சிறுநீரில் கிருமி என்றார்கள். இரண்டு நாளாகியும் ஜுரம் இறங்கவில்லை. "எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ஃபைல் எல்லாம் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்மா, கம்ப்யூட்டர்லயே எல்லாம் போயிடும்" என்று அனுப்பி வைத்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். காலம் எவ்வளவு முன்னேறிவிட்டது!

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் திரையைப் பார்த்தபடியே மருந்து எழுத ஆரம்பித்தார். என்ன மருந்து என்று சும்மாதான் கேட்டேன். பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சல்ஃபா வகை மருந்து! இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த மருந்தைச் சாப்பிட்டு, உடம்பெல்லாம் தடித்து, வாயெல்லாம் புண்ணாகி, பத்து நாள் கஞ்சி கூடக் குடிக்க முடியாமல் கிடந்தவர் எங்கள் அம்மா.

"டாக்டர், அம்மாவுக்கு சல்ஃபா சேராதே!"

"அப்படியா? அலர்ஜி எதுவும் இல்லைன்னு இங்க இருக்கேம்மா..."

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆமாம், அப்படித்தான் இருந்தது. 'அலர்ஜி: இல்லை'. ஆனால் நர்சிங் ஹோமில் சேர்க்கும்போது நான்தான் நர்ஸிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அந்தப் பெண் டைப் அடித்ததையும் என் கண்ணால் பார்த்தேன். பிறகு எப்படி அது 'இல்லை' ஆனது?

அந்த டாக்டர் நல்லவர். உடனே மருந்தை மாற்றிவிட்டார். அம்மாவும் ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து, "காபியில டிகாக்‌ஷன் பத்தலை" என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. என் தம்பி மகன் சென்னையில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவனை உட்கார வைத்து, "என்னடா இது அநியாயம்?" என்று கேட்டேன்.

"அத்தை, நர்ஸ் டைப் அடிச்சது நிஜம்தான். ஆனா எந்தக் கட்டத்துல அடிச்சாங்கன்னு பார்த்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டான்.

பிறகு விசாரித்ததில் அவன் யூகித்தது சரியாகவே இருந்தது. நர்ஸ் அதை 'குறிப்பு' என்ற கட்டத்தில் அடித்திருந்தார். 'அலர்ஜி' என்ற கட்டம் காலி. நர்சிங் ஹோம் கம்ப்யூட்டர் அலர்ஜி கட்டத்தில் உள்ளதை மட்டும் அனுப்பியது. அதாவது ஒன்றுமே அனுப்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோ, ஒன்றும் வராததை 'இல்லை' என்று காட்டிவிட்டது. காலி என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? நம் வீட்டில் உப்பு டப்பா காலி என்றால் சமையலுக்கு உப்பே வேண்டாம் என்றா அர்த்தம்?

இந்த மாதிரி கோளாறுகள் வராமல் இருக்கத்தான் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களுக்கு இப்போது பரீட்சை வைக்கிறார்கள். அந்தப் பரீட்சை எதைப் பிடிக்கும், எதைக் கோட்டை விடும் என்பது நம்மைப் போன்ற குடும்பத்தினருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சர்வர்னா யாரு?

சர்வர் என்றதும் உங்களுக்குத் தோளில் துண்டோடு, "சூடா என்ன சார் வேணும்?" என்று கேட்பவர் நினைவுக்கு வருகிறாரா? பெரிய தப்பில்லை. கம்ப்யூட்டர் உலக சர்வரும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு ஆஸ்பத்திரியின் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் உள்ளே சமையற்கட்டில் இருக்கின்றன. வெளியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரியோ, லேபோ, உங்கள் செல்போனோ வந்து, "இன்னாருடைய லேப் ரிப்போர்ட் கொடு" என்று கேட்கும். சர்வர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கும்.

ஒரே ஒரு வித்தியாசம்தான். ஹோட்டலில் நீங்கள் பொங்கல் கேட்டு உப்புமா வந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். இங்கே கேட்பதும் கம்ப்யூட்டர், கொடுப்பதும் கம்ப்யூட்டர். உப்புமாவைப் பொங்கல் என்றே எழுதிவைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும்!

இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஒரு பொது பாஷை வேண்டும். அதை வகுக்க அமெரிக்காவில் 1987-ல் ஆரம்பித்த அமைப்புதான் ஹெச்.எல். செவன். அதன் பழைய பாஷை இன்றைக்கும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. செங்குத்துக் கோடுகளாகப் போட்டு, நடுநடுவே விவரத்தைச் செருகின ஒரு நீளமான வரி, அவ்வளவுதான். அதில் அவரவர் இஷ்டத்துக்குச் சொந்தத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் உண்டு. ஆளாளுக்குச் சேர்த்தார்கள். விளைவு? பாஷை ஒன்றுதான், ஆனால் கோயம்புத்தூர்க்காரர் பேசுவது நாகர்கோவில்காரருக்குப் புரியாத கதை!

2011-ல் கிரஹாம் க்ரீவ் என்ற ஆஸ்திரேலியர் புதிய முறை ஒன்றை முன்வைத்தார். அதுதான் இன்று எஃப்.ஹெச்.ஐ.ஆர். என்று எழுதி 'ஃபையர்' என்று செல்லமாகக் கூப்பிடப்படுகிறது. (பெயரில்தான் நெருப்பு, பயப்பட வேண்டாம்.) இதில் எல்லாமே தனித்தனிச் சீட்டு. நோயாளி பற்றி ஒரு சீட்டு, ஒவ்வொரு அலர்ஜிக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு லேப் முடிவுக்கும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டில் என்னென்ன கட்டம் இருக்க வேண்டும், தேதியை எப்படி எழுத வேண்டும், அளவை எப்படி எழுத வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. 2018 கடைசியில் இதன் நாலாவது பதிப்பு வந்தது. நம் நாட்டின் டிஜிட்டல் மருத்துவத் திட்டம் இந்த நாலாவது பதிப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

விதி இருந்தால் போதுமா? "நாங்க எல்லா விதியும் ஃபாலோ பண்றோம் சார்" என்று எல்லாக் கம்பெனியும்தான் சொல்லும். நிஜமா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் பரீட்சை.

கேள்வித்தாள் எப்படி?

பரீட்சை வைப்பவர் மனிதர் இல்லை. அதுவும் ஒரு புரோகிராம்தான். வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, சர்வரிடம் நூற்றுக்கணக்கான கேள்விகள் கேட்கும். ஒவ்வொரு பதிலையும் விதிப்புத்தகத்தோடு வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடும். இதற்காக உண்மையான நோயாளிகளைத் தொட மாட்டார்கள். கற்பனையாகச் சில நோயாளிகளை உண்டாக்கி, அவர்களுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, வேர்க்கடலை அலர்ஜி எல்லாம் கொடுத்து உள்ளே வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட பரீட்சைக் கருவி ஒன்றின் பெயர் 'டச்ஸ்டோன்'. நம் பாஷையில் உரைகல்! தங்கத்தை உரசிப் பார்ப்பது போல சர்வரை உரசிப் பார்ப்பது. இன்னொன்றின் பெயர் 'இன்ஃபெர்னோ'. அமெரிக்க அரசு தன் நாட்டு மருத்துவ சாஃப்ட்வேர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கப் பயன்படுத்துவது இது.

முதல் கேள்வி ரொம்ப சாதாரணம். "இன்னைக்கு என்னப்பா ஸ்பெஷல்?" அதாவது, உன்னிடம் என்னென்ன சீட்டு கிடைக்கும், எப்படியெல்லாம் தேடித் தருவாய் என்று கேட்பது. ஒவ்வொரு ஃபையர் சர்வரும் தன் மெனு கார்டை எடுத்து நீட்டியாக வேண்டும். அதை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருக்கிற ஒவ்வொன்றையும் பரீட்சைக்காரர் வரிசையாக ஆர்டர் செய்வார். பலகையில் 'பூரி மசால்' என்று எழுதிவிட்டு, கேட்டால் "காலையிலேயே தீந்துபோச்சு சார்" என்றால் மார்க் கிடையாது.

அடுத்தது தேடல். "இந்த நோயாளியின் லேப் முடிவுகளை மட்டும் கொடு." வந்த ஒவ்வொரு சீட்டையும் புரட்டி, அது அந்த நோயாளியுடையதுதானா என்று பார்ப்பார்கள். இதில் ஒரு விபரீதம் உண்டு. சர்வருக்குப் புரியாத நிபந்தனை ஏதாவது ஆர்டரில் இருந்தால், அதைக் கண்டுகொள்ளாமல் மீதியை மட்டும் நிறைவேற்ற ஃபையர் விதியே இடம் கொடுக்கிறது. 'வெங்காயம் இல்லாமல் ஊத்தப்பம்' கேட்கிறீர்கள். சர்வருக்கு 'வெங்காயம் இல்லாமல்' மட்டும் காதில் விழவில்லை என்று வையுங்கள்! 'கடந்த 3 மாத முடிவுகள் மட்டும்' என்று டாக்டர் கேட்க, 10 வருஷத்து முடிவுகளும் கலந்து வந்து விழலாம். இதற்கும் விதியில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல ஹோட்டல் சர்வர் என்ன செய்வார்? "ரெண்டு இட்லி, ஒரு வடை, சக்கரை கம்மியா ஒரு காபி... சரிதானே சார்?" என்று திருப்பிச் சொல்வார் இல்லையா? அது மாதிரி, தான் எந்தெந்த நிபந்தனையை எடுத்துக்கொண்டோம் என்பதைப் பதிலோடு சேர்த்து எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால், "புரியலைன்னா புரியலைன்னு சொல்லு" என்று முன்கூட்டியே கண்டிப்பாகக் கேட்கவும் வழி உண்டு. நான் கேட்ட வரையில், இந்த ஒரு விஷயத்தைப் பரீட்சைக்காரர்கள் எவ்வளவு கிண்டிக் கிளறினாலும் தகும்.

பக்கம் புரட்டுவதும் ஒரு பாடம். உங்கள் மாமனாருக்கு 23 மருந்துச் சீட்டுகள் சேர்ந்திருக்கின்றன. சர்வர் ஒரு தடவைக்குப் பத்துப் பத்தாகக் கொடுக்கிறது. 'இன்னும் இருக்கிறது, அடுத்த பக்கம் இங்கே' என்று கடைசியில் ஒரு குறிப்பு வைக்க வேண்டும். வைக்காவிட்டால்? பதினொன்றாவது சீட்டில் இருக்கிற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை டாக்டர் கண்ணிலேயே படாது. ஆபரேஷனுக்கு முன்னால் நிறுத்த வேண்டிய மாத்திரை அது! அதனால் வேண்டுமென்றே பல பக்கம் வருகிற மாதிரி ஒரு கற்பனை நோயாளியைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கம் வரைக்கும் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதவைச் சாத்தத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். அனுமதிச் சீட்டு எதுவும் இல்லாமல் போய், "இன்னாருடைய ரிப்போர்ட் கொடு" என்று கேட்பார்கள். கொடுத்துவிட்டால் ஃபெயில்! கொடுப்பது மட்டும் சர்வரின் வேலையில்லை. கொடுக்கக் கூடாதவருக்குக் கொடுக்காமல் இருப்பதும்தான். லேப் முடிவுக்கு மட்டும் அனுமதி வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டையும் கேட்டுப் பார்ப்பார்கள். நம் வீட்டு வியாதி ஊருக்கெல்லாம் தெரிய வேண்டுமா என்ன?

வேண்டாம் என்றால் வேண்டாம்!

இனி, எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட விஷயம். ஃபையர் சீட்டுகளில் சில கட்டங்கள் மற்ற கட்டங்களின் அர்த்தத்தையே தலைகீழாக்கிவிடும். மருந்துச் சீட்டில் 'இந்த மருந்து, இந்த அளவு' என்று எல்லாம் எழுதி, கூடவே 'இதைக் கொடுக்கக் கூடாது' என்று ஒரு கட்டத்தில் குறி போடலாம். அந்த ஒரு குறியைப் படிக்காமல் விட்டால், வேண்டாம் என்று டாக்டர் எழுதியது 'கொடு' என்று ஆகிவிடும்! அதனால் இப்படிப்பட்ட கட்டங்கள் புரியாத கம்ப்யூட்டர் அந்தச் சீட்டைப் பயன்படுத்தவே கூடாது என்பது விதி. 'தவறாகப் பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு நிலையும் உண்டு. பக்கத்துக் கட்டில்காரருடைய அலர்ஜியை உங்கள் பெயரில் ஏற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். அதைக் கண்டுபிடித்து இந்தக் குறி போட்ட பிறகும் ஒரு கம்ப்யூட்டர் அதைப் பழையபடி அலர்ஜி என்றே காட்டினால் நியாயமா?

எங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அலர்ஜி பற்றி நாலு விதமான நிலை இருக்கலாம். அலர்ஜி உண்டு. அலர்ஜி இருக்கிறதா என்று கேட்டோம், எதுவும் இல்லை என்றார்கள். கேட்டோம், அவர்களுக்கே தெரியவில்லை. கேட்கவே இல்லை. இந்த நாலையும் சொல்ல ஃபையரில் வழி இருக்கிறது. 'அறிந்தவரை அலர்ஜி எதுவும் இல்லை' என்பதற்கே தனிக் குறியீடு எண் உண்டு. அப்படி எழுதிய சீட்டு வந்தால்தான் 'இல்லை' என்று காட்டலாம். சீட்டே வராவிட்டால், அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் கிடையாது என்பதை விதிப்புத்தகமும் சொல்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் சறுக்கியது இங்கேதான்.

தேதியில் கூட எத்தனை வில்லங்கம்! 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஃபையரில் முதலில் வருஷம், பிறகு மாதம், கடைசியில் தேதி. வேறு மாதிரி எழுதினால் செல்லாது. பிறந்த வருஷம் மட்டும் தெரியும் என்றால் 1952 என்று வருஷத்தை மட்டும் எழுதவும் அனுமதி உண்டு. சர்வர் தன் இஷ்டத்துக்கு ஜனவரி 1 என்று சேர்த்துவிடக் கூடாது. (நம்மில் பலருடைய பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டதுதான் என்பது வேறு கதை!)

அளவுகளும் அப்படியே. சிங்கப்பூரில் இருக்கும் மகளிடம் போனில், "எனக்குச் சர்க்கரை 126" என்று சொல்லிப் பாருங்கள். "ஐயோ, எனக்கு 7-தான்மா!" என்பாள். இரண்டும் ஒன்றுதான்! நாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று சொல்கிறார்கள். 18-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். அலகு இல்லாமல் வெறும் எண் மட்டும் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் அலகுகளை எழுதுவதற்கென்றே உலகப் பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சேர்த்துப் படித்தால் 'யூகம்' என்று வருகிறது! யூகத்துக்கே இடம் கொடுக்காத பட்டியலுக்கு இப்படி ஒரு பெயர். பரிசோதனைகளின் பெயருக்கும் பொது எண்கள் உண்டு. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு 4548-4. எந்த ஊர் லேப் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அந்த எண் மாறாது.

நம் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவே, அவை தனித் தலைவலி. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் நாம் என்ன எழுதுவது? அப்பா பெயரையா, இனிஷியலையா? ஒரு இடத்தில் 'கே' என்பதே குடும்பப் பெயராகிவிடும். இன்னொரு இடத்தில் புள்ளி மட்டும் இருக்கும்! அடிப்படை ஃபையர் விதியில் குடும்பப் பெயர் கட்டாயமே இல்லை. முழுப்பெயரை அப்படியே ஒரே வரியாக எழுதலாம். கட்டாயப்படுத்துவது அந்தந்த சாஃப்ட்வேர்காரர்கள்.

கம்ப்யூட்டர் வைக்கும் பரீட்சை போதாது என்று, மனிதர்கள் கூடி வைக்கும் பரீட்சையும் உண்டு. போட்டிக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஒரே கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்து, "உன் சீட்டை எனக்கு அனுப்பு, என் சீட்டை நீ படி" என்று இரண்டு மூன்று நாள் முட்டி மோதிக்கொள்வார்கள். இதற்குக் 'கனெக்டத்தான்' என்று பெயர். ஃபையருக்கான முதல் கூட்டம் 2012 செப்டம்பரில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. ஒரே விதியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருப்பது அங்கேதான் அம்பலமாகும். விதிப்புத்தகத்திலேயே குழப்பம் இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டில்?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020 ஆகஸ்ட் 15-ல் யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாக ஆரம்பித்து, 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் அறிவித்தார்கள். 'ஆபா' என்ற 14 இலக்க எண் இதில்தான் கிடைக்கிறது. நம் ரிப்போர்ட் எல்லாம் டெல்லியில் ஒரே இடத்தில் குவித்து வைக்கப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தந்த ஆஸ்பத்திரியின் குறிப்பு அந்தந்த இடத்திலேயே இருக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் மட்டும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்.

இதில் சேர விரும்பும் சாஃப்ட்வேர்கள் நேரடியாக உள்ளே வந்துவிட முடியாது. முதலில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற ஒத்திகை மேடையில் வேலை செய்து காட்ட வேண்டும். குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடுவது மாதிரி. இடிந்தாலும் யாருக்கும் அடிபடாது. மூன்று படிகள். ஆபா எண்ணை உண்டாக்கிச் சரிபார்ப்பது முதல் படி. தன்னிடம் இருக்கும் குறிப்புகளை அந்த எண்ணோடு இணைத்துக் கொடுப்பது இரண்டாவது. சம்மதம் பெற்று மற்றவர் குறிப்பை வாங்கிக் காட்டுவது மூன்றாவது. அதன் பிறகு திருட்டுக்கு இடம் உண்டா என்று பாதுகாப்புத் தணிக்கை. டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், தடுப்பூசிக் குறிப்பு ஆகியவை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற மாதிரிகளைப் புனேயில் சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய வள மையம் வெளியிட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே பின்னால் நிற்கிறது. 2016-ல் வந்த சட்டம், 2020-ல் விதிகள், 2022 கடைசிக்குள் சான்றிதழ் பெற்ற சாஃப்ட்வேர்கள் எல்லாம் ஃபையர் வசதியைத் தந்தாக வேண்டும் என்று கெடு.

தேறினால் எல்லாம் சரியா?

இதைத்தான் நான் தம்பி மகனிடம் மடக்கிக் கேட்டேன். "சரிடா, அந்த நர்சிங் ஹோம் சர்வர் உங்க பரீட்சை எழுதியிருந்தா ஃபெயிலாகியிருக்குமா?"

சிரித்தான். "பாஸாகியிருக்கும் அத்தை! நல்ல மார்க்கே வாங்கியிருக்கும்."

எனக்குப் பகீரென்றது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரி. பரீட்சைக்காரர், "அலர்ஜிச் சீட்டு காட்டு" என்பார். கம்பெனிக்காரர்கள் தயாராக வைத்திருக்கும் கற்பனை நோயாளியின் சீட்டை, எல்லாக் கட்டமும் சரியாக நிரப்பி, சர்வர் அழகாகக் காட்டிவிடும். பாஸ்! ஆனால் நிஜமான வார்டில், ராத்திரி டியூட்டியில், நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது, ஒரு நர்ஸ் அதைக் குறிப்புக் கட்டத்தில் அடித்தால், அது அலர்ஜிச் சீட்டாக மாறவே மாறாது. அந்தப் பரீட்சையில் நர்ஸும் கிடையாது, வார்டும் கிடையாது. அதே மாதிரி, இது கொடுக்கிற சர்வருக்கான பரீட்சை. வாங்கிக்கொண்ட இடத்தில், வராததை 'இல்லை' என்று காட்டுவதைப் பிடிக்க, வாங்குகிறவருக்கும் தனியாக ஒரு பரீட்சை வைத்தாக வேண்டும்.

காய்கறிக் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை குத்துகிறார்களே, அந்த மாதிரிதான் இதுவும். தராசு ஒரு கிலோவை ஒரு கிலோ என்று காட்டும் என்பதற்குத்தான் முத்திரை. அதில் நிறுக்கிற கத்தரிக்காய் சொத்தையா என்று தராசுக்குத் தெரியாது. அதற்காக முத்திரை இல்லாத தராசில் வாங்குவோமா? மாட்டோம். முத்திரையும் வேண்டும், கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டும்.

திருப்பிப் பார்ப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அலர்ஜியைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "எங்க எழுதியிருக்கீங்க, காட்டுங்க" என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். அலர்ஜி எதுவும் இல்லாவிட்டாலும், 'இல்லை' என்று எழுதச் சொல்லுங்கள். காலியாக விட வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கும் சம்மரியில் மருந்து, அலர்ஜி, அலகு, வயசு நாலையும் விரல் வைத்துப் படியுங்கள். ஆபா செயலி வைத்திருப்பவர்கள், அதில் வந்து சேர்ந்த ரிப்போர்ட்டைக் கையிலிருக்கும் காகிதத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். தப்பு இருந்தால் அதை எழுதிய ஆஸ்பத்திரியிடமே திருத்தச் சொல்ல வேண்டும். ஏனென்றால் குறிப்பு இருப்பது அவர்களிடம்தான்.

சம்மதம் கேட்டு செல்போனில் தகவல் வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'சரி' என்று அழுத்திவிடாதீர்கள். யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்தக் காலத்து ரிப்போர்ட், எத்தனை நாளைக்கு என்று அதிலேயே இருக்கும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். இன்னொன்று, உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. "கம்ப்யூட்டர்ல இருக்கு, பேப்பர்ல தர முடியாது" என்று யாராவது சொன்னால், இதைச் சாந்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அம்மாவின் மருந்து டப்பா மூடியில் சிவப்பு மையால் 'சல்ஃபா ஆகாது' என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். அதன் நகல் என் கைப்பையில் ஒன்று, தம்பி பர்ஸில் ஒன்று.

போன மாதம் அம்மாவை அதே நர்சிங் ஹோமுக்குச் செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். ரிசப்ஷனில் புதுசாக ஒரு பெண். "பாட்டி, உங்களுக்கு மருந்து எதாவது ஒத்துக்காதா?" என்று அவளாகவே கேட்டாள். அம்மா ஒப்பித்தார். அவளும் டைப் அடித்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவுன்டர் மேல் எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கட்டத்துலடி போட்டே? கொஞ்சம் திருப்பு, பார்க்கறேன்."